சீனி வியாதியும் காப்புறுதிப் படிவமும்

உடுப்பிட்டிச் சந்திக்கு அருகே புடவைக்கடை நடத்தும் இந்து நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. வைத்தியச் செலவுக்கென்று ஒரு தனியார் கம்பனியில் காப்புறுதி எடுத்தார். படிவத்தில் “நீரிழிவு உண்டா?” என்றொரு கேள்வி. முகவர் சொன்னாராம்: “சீனி இருக்கெண்டு எழுதாதேங்கோ அண்ணை, எழுதினால் தரமாட்டினம்.” நண்பர் ‘இல்லை’ என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

இரண்டு வருடம் தவறாமல் கட்டுப்பணம் கட்டினார். பிறகு காலில் புண். யாழ்ப்பாணத்தில் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டொக்டர் கேட்டார், “எத்தனை வருஷமாகச் சீனி?” “ஏழு வருஷம், மந்திகையில் கிளினிக்” என்றார். வலியில் கிடப்பவர் டொக்டரிடம் பொய் சொல்வாரா? அந்த ஒரு வரியே போதுமாக இருந்தது. பணம் தர மறுத்துவிட்டார்கள். மனைவியின் காப்பு இரண்டும் அடகுக்குப் போயின.

முகவர் மீது எனக்குக் கோபம்தான். ஆனால் கையொப்பம் நண்பருடையது. காப்புறுதி முழு நம்பிக்கையின் பேரில் நிற்கும் ஒப்பந்தம். தெரிந்த நோயை மறைத்தால் அதைச் செல்லாததாக்கக் கம்பனிக்கு இடமுண்டு.

உண்மையை எழுதினால் கதவு எப்போதும் அடைபடும் என்றில்லை. சிலர் கட்டுப்பணத்தைக் கூட்டுவார்கள். சிலர் நீரிழிவையும் அதனால் வரும் சிறுநீரகம், கண், கால் கோளாறுகளையும் விலக்கிவிட்டு மற்ற நோய்களுக்குத் தருவார்கள். சிலர் சில வருடம் காத்திருக்கச் சொல்வார்கள். மறுப்பவர்களும் உண்டு. எது விலக்கு, எவ்வளவு காலம் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முகவரின் வாய்ப்பேச்சு கணக்கில் வராது. வீட்டில் ஒருவர் அரசாங்க உத்தியோகமென்றால் 1997இல் தொடங்கிய ‘அக்ரஹார’ திட்டத்தில் துணைவருக்கும் இடமுண்டு. அதை முதலில் விசாரியுங்கள்.

நம்மவர்களுக்கு வட்டி, நிச்சயமின்மை பற்றிய தயக்கமும் உண்டு. 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி வணிகக் காப்புறுதியை ஏற்கவில்லை. பரஸ்பர உதவியில் அமைந்ததை அனுமதித்தது. இலங்கையில் 1999இல் அமானா தகாபுல் ஆரம்பமானது. தகாபுலிலும் நோய் பற்றிக் கேட்பார்கள். அங்கே இருப்பது பலர் சேர்த்த அமானிதப் பணமல்லவா?

மாத்திரை, இன்சுலின் எல்லாம் அரச கிளினிக்கில் இலவசம். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பலர் வெளியே வாங்க நேர்ந்தது. ஆனாலும் மாதாமாதம் கிளினிக் கொப்பியோடு போய்வருவதை எந்தக் காப்புறுதிக்காகவும் விட்டுவிடக் கூடாது. நண்பரின் புண்ணை இறுதியில் ஆற்றியதும் மந்திகைதான்.

சென்ற மாதம் போயிருந்தேன். மகளுக்குப் படிவம் நிரப்பிக் கொண்டிருந்தார். “குடும்பத்தில் யாருக்கேனும் நீரிழிவு உண்டா?” என்ற இடத்தில், “தகப்பனுக்கு உண்டு” என்று தானே எழுதினார்.