போறணையில் வேகும் பூசணி டோனட்

ஐக்கிய அமெரிக்காவில் ஒக்டோபர், நவம்பர் மாதங்கள் இலையுதிர்காலமாகும். ஒக்டோபர் 31 ஆம் நாள் பூசணிக்காயைக் குடைந்து, உள்ளே விளக்கேற்றி வாசலில் வைப்பதும், நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமை நன்றிநவிலல் திருநாள் விருந்தில் பூசணி இனிப்பு உண்பதும் அந்நாட்டவர் வழக்கம். பூசணி மலிந்து கிடக்கும் அப்பருவத்தில் அங்குள்ள இல்லங்களிற் செய்யப்படும் பலகாரம் ஒன்றைப் பற்றியே இன்று பேச எண்ணியுள்ளேன். டோனட் என்னும் வளைய வடிவப் பணியாரத்தை நீங்கள் அறிவீர்கள். அதனை எண்ணெயிற் பொரியாமல், பூசணி மசியலும் வாசனைச் சரக்கும் கலந்து, போறணையில் வேகவைத்து எடுக்கும் முறை இது.

அடுக்களைச் செய்தியில் பாடசாலை அதிபருக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். காரணம் அறிந்து காரியம் செய்யப் பழகுதலே கல்வியின் பயன் என்றால், அதற்கு அடுக்களையினும் சிறந்த வகுப்பறை வேறில்லை. இப்பலகாரத்தில் பூசணி செய்யும் வேலை ஒன்று. சரக்குத்தூள் செய்யும் வேலை வேறொன்று. போறணை செய்யும் வேலை பிறிதொன்று. எது எதனைச் செய்கிறதென்று அறிந்தவர் கைக்கு இது எளிதாக வாய்க்கும். அறியாதவர் கையில் ஒருநாள் களியாகவும் மறுநாள் கட்டியாகவும் முடியும்.

முதலில் டோனட்டின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 17 ஆம் நூற்றாண்டில் இன்றைய நியூயோர்க் நகரம் இருக்கும் இடத்தில் ஒல்லாந்தர் குடியேறியிருந்தனர். அவர்கள் மாவுருண்டைகளைக் கொழுப்பிற் பொரித்து உண்டனர். அப்பண்டத்துக்கு அவர்கள் வழங்கிய பெயரின் பொருள் எண்ணெய்ப் பணியாரம் என்பதாகும். வாசிங்டன் இர்விங் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1809 இல் வெளியிட்ட நியூயோர்க் வரலாற்று நூலில் டோனட் என்னும் பெயர் காணப்படுகிறது. நடுவிலுள்ள துளை பின்னர் வந்தது. மேய்ன் மாநிலத்துக் கப்பலோட்டியான ஹான்சன் கிரெகரி என்பவர், 1847 இல் தாமே முதன்முதல் அத்துளையை இட்டதாகப் பிற்காலத்திற் கூறினார். யார் இட்டதாயினும் காரணம் தெளிவானது. உருண்டையின் புறம் சிவந்த பின்னும் அகம் வேகாது நிற்கும். துளையிட்டால் வெப்பம் உள்ளிருந்தும் செல்லும். உளுந்து வடையின் நடுவில் விரலால் துளையிடும் நம் தாய்மார் இக்காரணத்தை எவரிடமும் கேட்டறியவில்லை.

பொரிப்பதற்கும் போறணையில் வேகவைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இனி நோக்குவோம். ஏறத்தாழ 185 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள எண்ணெயில் இட்ட மா, இட்ட கணத்திலேயே புறத்தோல் இறுகித் தன் வடிவைக் காத்துக்கொள்ளும். போறணையில் அப்படியன்று. அங்கு வெப்பத்தைக் கொண்டுசெல்வது காற்று. காற்றோ எண்ணெயைப்போல விரைந்து வெப்பம் கொடுப்பதில்லை. ஆகவே மா இறுகுமுன் பரந்துவிடும். இதனாலேயே வளைய வடிவக் குழிகள் கொண்ட உலோகத் தட்டு தேவைப்படுகிறது. நம் பணியாரச் சட்டியைப்போல ஒவ்வொரு தட்டிலும் பெரும்பாலும் 6 குழிகள் இருக்கும். தட்டு வடிவைத் தருவதால், மாவைப் பிசைந்து உருட்டவேண்டியதில்லை, கரைசலாகவே வார்க்கலாம். உண்மையை ஒளியாது சொல்வதானால், போறணையில் வேகும் டோனட் என்பது வளைய வடிவிலமைந்த மென்மையான கேக்கே. பொரித்ததன் மொறுமொறுப்பை அதில் எதிர்பார்த்தல் தகாது.

அடுத்துப் பூசணி. மசித்த பூசணி நிறத்தையும் ஈரத்தையும் மென்மையையும் தரும். மணம் தருவது மிகச் சொற்பமே. அதன் பெருங்குறை நீர். விளக்கேற்றக் குடையும் பெரிய பூசணியின் சதை நீர்த்தும் நார்த்தும் இருப்பதால் அது பலகாரத்துக்கு ஏற்றதன்று. அமெரிக்காவில் தகரத்திலடைத்து விற்கப்படும் பூசணியின் பெரும்பகுதி இலினோய் மாநிலத்தில் விளைவது. அதற்குப் பயன்படும் டிக்கின்சன் வகை, மங்கிய மஞ்சள் தோலும் கெட்டியான சதையும் உடையது. நம் தோட்டங்களிற் காய்க்கும் மஞ்சட்சதைப் பூசணியும் பொதுவாக அதே இனத்தைச் சேர்ந்ததே. நீற்றுப்பூசணி வேறினமாகும், அதனை இதற்கு எடுக்கலாகாது.

நன்கு முற்றிய பூசணியை இரண்டாகப் பிளந்து, விதைகளை அகற்றி, வெட்டிய பக்கம் கீழாகத் தட்டில் வைத்து, 200 பாகை வெப்பத்தில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை வேகவிடுக. கத்தி தடையின்றி இறங்கும்போது எடுத்து, சதையைச் சுரண்டி மசித்து, அரிதட்டில் மெல்லிய துணி விரித்து ஒரு மணி நேரம் நீர் வடிய விடுக. கரண்டியால் அள்ளினால் சரியாது குவிந்து நிற்பதே சரியான பதம். அவித்து மசிப்போர், அகன்ற சட்டியில் இட்டு இளந்தீயிற் கிளறி நீரை வற்றவைத்துக்கொள்க. நீர் மிகுந்த மசியலே டோனட் களியாவதற்கு முதற் காரணம்.

இனிச் சரக்குத்தூள். பூசணிச் சரக்கு என்று பெயர்பெற்ற தூளில் பூசணி இல்லை. பூசணி இனிப்புக்கு இடுவதனாலேயே அப்பெயர் வந்தது. அமெரிக்கரொருவர் எழுதி அமெரிக்காவிலேயே அச்சான முதற் சமையல் நூலென மதிக்கப்படுவது, 1796 இல் அமீலியா சிமன்ஸ் வெளியிட்ட நூல். அதிற் பூசணி இனிப்புக்கு இஞ்சியும் சாதிக்காயும் வசவாசியும் கூறப்பட்டுள்ளன. இத்தகைய சரக்குகளை ஒன்றாகக் கலந்து மக்கோமிக் நிறுவனம் 1934 இல் விற்பனைக்கு விட்டது. 2003 இல் ஸ்டார்பக்ஸ் நிறுவனம் அம்மணமூட்டிய கோப்பியை அறிமுகஞ் செய்தபின், இது உலகெங்கும் பேர்பெற்றது. அக்கோப்பியிலும் 2015 வரை பூசணி சேர்க்கப்படவில்லை என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

நேயர்களே, இம்மணம் அமெரிக்காவுக்கு உரியதென்று உலகம் கருதுகிறது. ஆயின் அதன் மூலங்களைத் தேடின் நாம் கீழைத் தீவுகளுக்கே வந்து சேர்வோம். சாதிக்காயின் தாயகம் இந்தோனேசியாவிலுள்ள பண்டாத் தீவுகள். அதனைத் தமக்கே உரித்தாக்க விரும்பிய ஒல்லாந்தர் 1621 இல் அத்தீவு மக்களுட் பெரும்பாலோரைக் கொன்றும் துரத்தியும் அடிமைப்படுத்தியும் அழித்தனர். 1667 இல் ஆங்கிலேயரோடு செய்த பிரெடா உடன்படிக்கையின்படி, சாதிக்காய் விளையும் ரன் என்னும் சிறுதீவு ஒல்லாந்தரிடமும், அவர்கள் குடியேறியிருந்த நியூயோர்க் ஆங்கிலேயரிடமும் நிலைத்தன. எண்ணெய்ப் பணியாரம் பிறந்த மண்ணும் சாதிக்காய் விளைந்த மண்ணும் ஒரே உடன்படிக்கையில் பங்கிடப்பட்டன என்பது வியப்புக்குரியது.

கறுவாவின் கதை நம் நாட்டுக் கதை. 17 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 1796 வரை இலங்கைக் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் கறுவா வாணிகத்தைத் தம் கையிலேயே வைத்திருந்தனர். பட்டை உரிப்போரைக் கட்டாய ஊழியத்துக்கு உட்படுத்தினர். கொழும்பிலுள்ள கறுவாத்தோட்டம் என்னும் இடப்பெயர் அக்காலத்தை இன்றும் நினைவூட்டுகிறது. அமீலியா சிமன்சின் நூல் அச்சேறிய அதே 1796 இலேதான் கொழும்பு ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. இனிய மணமொன்றை நுகரும்போது அதன்பின் நின்ற உழைப்பையும் துயரையும் அறிந்திருத்தல் மனிதர்க்கு அழகு.

அமெரிக்கக் கடைகளிற் கறுவா என்ற பெயரில் விற்கப்படுவதிற் பெரும்பகுதி காசியா என்னும் பிறிதோர் இனத்தின் பட்டை. அது தடித்து, ஒரே சுருளாய், காரம் மிகுந்து இருக்கும். இலங்கைக் கறுவாவோ மெல்லிய பட்டைகள் பல ஒன்றனுள் ஒன்று அடங்கிய சுருள், மணம் மென்மையானது. காசியாவில் கூமரின் என்னும் பொருள் கூடுதலாக உண்டு. நாள்தோறும் மிகுதியாக உண்டால் அது ஈரலைத் தாக்கக்கூடும். நம் கறுவாவில் அது மிகச் சிறிதளவே. காசியா இடுமாறு எழுதப்பட்ட அமெரிக்க முறையில் நம் கறுவாவை இடும்போது, அளவைச் சற்றுக் கூட்டிக்கொள்க.

கறுவாத்தூள் 3 தேக்கரண்டி, வேர்க்கொம்புத்தூள் 1 தேக்கரண்டி, துருவிய சாதிக்காய் அரைத் தேக்கரண்டி, கராம்புத்தூள் கால் தேக்கரண்டி ஆகியவற்றைக் கலந்து மூடிய போத்தலில் வைத்துக்கொள்க. ஒல்ஸ்பைஸ் கிடைப்பின் அதன் தூளையும் கால் தேக்கரண்டி சேர்க்கலாம். கராம்பைக் கூட்டலாகாது, அது மற்றவற்றின் மணத்தையெல்லாம் அடக்கிவிடும்.

12 டோனட்டுக்கு வேண்டியவை: கோதுமை மா 220 கிராம், நீர் வடித்த பூசணி மசியல் 220 கிராம், சிவப்புச் சீனி 150 கிராம், முட்டை 2, மணமற்ற எண்ணெய் 80 மில்லிலீற்றர், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, மேற்கூறிய சரக்குத்தூள் 2 தேக்கரண்டி.

போறணையை 175 பாகைக்குச் சூடேற்றுக. எண்ணெயில் சரக்குத்தூளை முதலிற் கலந்துகொள்க. சரக்கின் மணப்பொருள்கள் நீரினும் எண்ணெயிலேயே நன்கு கரையும். அதனுடன் சீனி, முட்டை, மசியல் ஆகியவற்றைச் சேர்த்து நன்றாக அடிக்கலாம். வேறொரு பாத்திரத்தில் மாவையும் பேக்கிங் பவுடரையும் உப்பையும் சேர்த்து அரித்துக்கொள்க. பின்பு மாவை ஈரக்கலவையிற் கொட்டி, வெள்ளை மா கண்ணுக்குத் தெரியாது மறையும்வரை மாத்திரம் கிளறுக. கோதுமை மாவிலுள்ள புரதம் நீருடன் சேர்ந்து கிளறக் கிளற இழுபடும் வலைபோலாகும். பாணுக்கு அது வேண்டும். இதற்கு அது ஆகாது. டோனட் கட்டியாவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த மிகை உழைப்பே.

கலந்த கரைசலைக் காத்திருக்க விடலாகாது. பேக்கிங் பவுடர் ஈரம் பட்டவுடன் ஒரு பகுதி வாயுவையும், சூடு பட்டபின் மறுபகுதியையும் வெளிவிடும். தாமதித்தால் முதற்பகுதி வீணாகும். குழிகளுக்கு வெண்ணெய் தடவி, முக்காற்பங்குக்கு வார்த்து உடனே போறணையில் வைக்குக. விளிம்புவரை நிரப்பினால் மா பொங்கி நடுத்துளை அடைபட்டுவிடும். 12 முதல் 15 நிமிடத்தில் வெந்துவிடும். ஓர் ஈர்க்கைச் செருகி எடுத்தால் அதில் மா ஒட்டாதிருக்க வேண்டும். தட்டிலேயே 5 நிமிடம் ஆறவிட்டுப் பின் கவிழ்க்குக. சூட்டோடு எடுத்தால் உடையும், முற்றும் ஆறவிட்டால் அடி வியர்க்கும்.

இளஞ்சூட்டில் ஒவ்வொன்றின்மீதும் உருக்கிய வெண்ணெயை மெல்லப் பூசி, சீனியுங் கறுவாத்தூளும் கலந்த கலவையிற் புரட்டி எடுக்கவேண்டும். இதற்கு வெண்ணெய் 40 கிராமும் சீனி 60 கிராமும் கறுவாத்தூள் 1 தேக்கரண்டியும் போதும். நம் நாட்டு ஈரக்காற்றில் சீனி விரைவில் நீர்த்துவிடும். ஆதலால் அன்று உண்பனவற்றை மாத்திரம் புரட்டுக.

இறுதியாக ஒன்று கூறவேண்டும். போறணையில் வெந்ததாதலால் இதனை எவ்வளவும் உண்ணலாமென்று எண்ணுவோர் உளர். கணக்குப் பார்ப்போம். நாம் கூறிய அளவில், ஒரு டோனட்டில் ஏறக்குறைய 4 தேக்கரண்டிச் சீனியும், எண்ணெயும் வெண்ணெயுமாக 2 தேக்கரண்டிக் கொழுப்பும் உண்டு. பொரித்ததிலும் கொழுப்பு சற்றுக் குறைவே. ஆயினும் வேறுபாடு பலர் நினைக்குமளவு பெரிதன்று. பூசணி சேர்ந்ததால் இது மரக்கறியாகிவிடாது. போறணையில் வெந்ததால் மருந்தாகிவிடாது. நீரிழிவு உள்ளோர் இதனைச் சீனிப்பண்டம் என்றே கொள்ளவேண்டும். வீட்டிற் செய்வதன் உண்மையான நன்மை வேறு: உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். வெண்ணெயும் சீனியும் பூசாமல் விட்டால் இனிப்பும் கொழுப்பும் குறையும். மணத்தை உள்ளே இட்ட சரக்கே காத்துக்கொள்ளும். பிள்ளைகளை அருகில் இருத்தி நிறுப்பதையும் அளப்பதையும் அவர்களிடமே விடுங்கள். ஏன் என்று அவர்கள் கேட்கும் வினாக்களுக்கு விடை கூறுங்கள்.