தக்காளிக்காய்: கழிவல்ல, காய்கறி

ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துவிட்டால் தக்காளி வியாபாரம் நம் கையில் இருப்பதில்லை. மதனப்பள்ளி, கோலார், கிருஷ்ணகிரி பக்கத்துத் தோட்டங்களில் மழை பெய்தால் பழம் வெடித்து அழுகிவிடும். அதனால் காயாகவே பறித்துப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். கோயம்பேட்டில் எடுத்த சரக்கை இராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ கடையில் பிரித்தால் மேலே சிவப்பு, அடியில் பச்சை. வாடிக்கையாளர் பழத்தைப் பொறுக்கிக்கொண்டு போய்விடுவார். இரவு கடை சாத்தும்போது கூடையில் மிஞ்சுவது காய்தான்.

இதே நாட்களில் வீட்டுத் தோட்டக்காரர்களுக்கும் இதே தொல்லை. எண்ணூர், மணலி பக்கம் மாடியில் தொட்டி வைத்தவர்கள், புயல் எச்சரிக்கை வந்ததும் செடி சாயுமுன் காய்களைப் பறித்துவிடுகிறார்கள். "இதை என்னங்க செய்வது?" என்று அவர்கள் கேட்க வருவதும் நம் கடைக்குத்தான். அவர்களுக்குச் சரியான பதில் சொல்லவும், நமக்கு மிஞ்சுவதை நட்டமில்லாமல் தள்ளவும் உதவும் விவரங்களை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

எது பழுக்கும், எது பழுக்காது?

பச்சையாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல. முற்றிய காய் தானாகப் பழுக்கும். முற்றாத பிஞ்சை எத்தனை நாள் வைத்தாலும் பழமாகாது, சுருங்கி வதங்கும். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. பெட்டிக்கு ஒரு காயை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே கொழகொழவென்று சதை கட்டி, விதைகள் கத்தியில் அறுபடாமல் நழுவினால் அது முற்றியது. விதைகளும் சேர்ந்து அறுபட்டால் பிஞ்சு. வெளியே பார்த்தால், முற்றிய காயின் பச்சை சற்று வெளிறி, தோல் மினுமினுப்பாக இருக்கும்.

பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1 போன்ற ரகங்களில் பழுத்த பின்னும் காம்பைச் சுற்றிப் பச்சை நிறம் தங்குவதுண்டு. அது அந்த ரகத்தின் இயல்பு. அதைக் காய் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

பழுக்க வைக்கும் முறை

முற்றிய காய்களைக் காம்பு நீக்கி, ஈரம் துடைத்து, காகிதமோ வைக்கோலோ விரித்து ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். நான்கைந்து பழுத்த தக்காளியோ ஒரு வாழைப்பழமோ உடன் வைத்தால், அவற்றிலிருந்து வரும் எத்திலீன் வாயுவால் காய் விரைவில் திரும்பும். வெயில் தேவையில்லை. சொல்லப்போனால் 30 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு ஏறினால் சிவப்பு நிறம் சரியாக உருவாகாமல் பழம் மஞ்சள் கலந்து நின்றுவிடும். தகரக் கூரைக்கு அடியில் வைத்த சரக்கு நிறம் பிடிக்காததன் காரணம் இதுதான். மறுபுறம், காயைக் குளிர்பெட்டியிலும் வைக்கக் கூடாது. 10 டிகிரிக்குக் கீழே பல நாள் இருந்த காய் வெளியே எடுத்தபின் பழுக்காமல் புள்ளி விழுந்து அழுகும்.

அவசரத்துக்குக் கார்பைடு கல் வைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. உறுப்பினர்கள் எவரும் இதைத் தொடவே கூடாது. ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்திருக்கக்கூடிய தொழிற்சாலைச் சரக்கு அது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த விதிமுறை இதைத் தெளிவாகத் தடை செய்கிறது. எத்திலீன் வாயுவை மட்டும், பத்து லட்சம் பங்குக்கு 100 பங்குவரை, பயன்படுத்த 2016இல் அனுமதி தரப்பட்டது. அதற்கும் முறையான அறை வேண்டும். சில்லறைக் கடைக்கு வாழைப்பழமே போதும்.

சமையலுக்கு

பழுக்காத பிஞ்சுதான் சமையலுக்குச் சரக்கு. ஆந்திர எல்லையை ஒட்டிய நம் பகுதியில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய. அவர்கள் வீட்டில் தக்காளிக்காய்ப் பச்சடி பழக்கமானது. காயை நறுக்கி எண்ணெயில் வதக்கி, பச்சை மிளகாய், புளி, வறுத்த எள் சேர்த்து அரைத்துக் கடுகு தாளிப்பார்கள். சோற்றுக்கும் இட்லிக்கும் பொருந்தும். நம் வீடுகளில் பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்த்துக் கூட்டு வைக்கலாம். மாங்காய் கிடைக்காத காலத்தில் மீன் குழம்பிலும் கருவாட்டுக் குழம்பிலும் புளிப்புக்கு இதைப் போடலாம்; புளியின் அளவைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் போதும்.

இங்கிலாந்தில் உறைபனிக்கு முன் பறித்த காயை வினிகர், சர்க்கரை, வெங்காயம் சேர்த்துக் காய்ச்சிப் புட்டியில் அடைக்கிறார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயரே நம் நாட்டிலிருந்து போன 'சட்னி'தான். அங்கே பனி, இங்கே மழை, சங்கடம் ஒன்றே.

தக்காளிக்காய் விஷம் என்று சிலர் அஞ்சுவதுண்டு. பச்சைக் காயில் டொமாட்டின் என்ற கசப்புப் பொருள் இருப்பது உண்மை. பழுக்கப் பழுக்க அது குறையும். வழக்கமாகச் சமைத்து உண்ணும் அளவில் கெடுதல் இல்லை. மிகச் சிறிய, கசக்கும் பிஞ்சுகளையும், இலை, தண்டு, காம்பையும் நீக்கிவிட வேண்டும்.

ஊறுகாய்

ஒரு கிலோ காயைக் கழுவி நன்றாகத் துடைத்து நறுக்கி, 120 கிராம் கல்லுப்பும் மஞ்சள்தூளும் சேர்த்து இரண்டு நாள் ஜாடியில் ஊற வைக்க வேண்டும். நீரைப் பிழிந்து, துண்டுகளை வெயிலில் உலர்த்தி, அந்த நீரிலேயே 100 கிராம் புளியை ஊற வைத்துக் கரைத்துக் கலக்க வேண்டும். மிளகாய்த்தூள் 100 கிராம், வறுத்துப் பொடித்த வெந்தயமும் கடுகும் 25 கிராம் வீதம் சேர்த்து, காய்ச்சி ஆறிய நல்லெண்ணெய் 300 மில்லி ஊற்றலாம். துண்டுகள் எண்ணெயில் மூழ்கியிருக்க வேண்டும். வெயில் இல்லாத மழை நாளில் இம்முறை வேண்டாம். வதக்கிச் சுருட்டித் தொக்காக்கிக் குளிர்பெட்டியில் வைத்துச் சில வாரங்களில் தீர்த்துவிடுவது நல்லது.

எண்ணெய் மட்டுமே காப்பு என்று நினைப்பது தவறு. உப்பும் புளிப்பும்தான் கிருமியைத் தடுக்கின்றன. உப்பை நம்பிப் போடும் ஊறுகாயில் உப்பு 12 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்றும், எண்ணெய் ஊறுகாயில் எண்ணெய் 10 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்றும், வினிகர் ஊறுகாயில் அமிலம் குறைந்தது 2 சதவீதம் வேண்டும் என்றும் விதிமுறை கூறுகிறது. கடையில் போட்டு விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புப் பதிவு பெற்று, சேர்மானம், எடை, தயாரித்த தேதி, கெடு தேதி, விலை ஆகியவற்றைப் புட்டியில் அச்சிட வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்கலாகாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் எண்ணூர்ப் பகுதிக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. அப்படிப்பட்ட வெள்ளம் தொட்ட காயைக் கழுவினாலும் பயனில்லை. அதை விற்கவும் கூடாது, ஊறுகாய் போடவும் கூடாது.

கடையில் செய்ய வேண்டியது

பெட்டி பிரித்த உடனே பழம், முற்றிய காய், பிஞ்சு என மூன்றாகப் பிரியுங்கள். முற்றியதை உள்ளே பரப்புங்கள். பிஞ்சைத் தனிக் கூடையில் வைத்து, 'தக்காளிக்காய் – கூட்டு, பச்சடி, ஊறுகாய்க்கு' என்று பலகை எழுதித் தனி விலை போடுங்கள். துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் ஒட்டிய மெஸ்களுக்குக் காலையிலேயே சொல்லி வைத்தால் அன்றே தீர்ந்துவிடும். பழத்துக்கு அடியில் காயை மறைத்து எடை போடுவது ஒரு நாள் லாபம். வாடிக்கையாளர் போனால் திரும்பி வரமாட்டார்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, சென்னையில் 82 ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசு விற்றது நினைவிருக்கும். வேறொரு பருவத்தில் வரத்து பெருகினால் அதே தக்காளியைக் கேட்க ஆள் இருக்காது. இப்படி ஏறி இறங்கும் சரக்கில், ஒதுக்கும் ஒவ்வொரு கிலோவும் நம் முதல். கூடையின் அடியில் கிடக்கும் காய்க்கும் ஒரு விலை உண்டு. அதை வாங்குபவருக்குச் சமைக்கும் முறையையும் சேர்த்துச் சொன்னால் போதும், அது நிச்சயம் விற்கும்.