பூனைக்குட்டி வளர்க்கலாம், செலவில்லாமல்!



காசிமேடு முதல் எண்ணூர் வரை மீன் இருக்கிற இடத்தில் எலித் தொல்லையும் உண்டு. அதனாலேயே பல வீடுகளில் பூனை வளர்க்கிறோம். குட்டிக்காகக் கடையில் பெரிசா எதுவும் வாங்க வேண்டாம்.

● படுக்க: அட்டைப்பெட்டி, பழைய புடவைத் துணி.

● மலம் கழிக்க: பழைய பேசினில் மணல். தினமும் சுத்தம் செய்யணும். கர்ப்பிணிகள் அதைத் தொட வேண்டாம். பூனை மலத்திலிருந்து வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கும் தொற்று வரலாம்.

● சாப்பிட: எட்டு வாரம் வரை தாயிடமிருந்து பிரிக்காதீங்க. பிறகு உப்பு, காரம் போடாமல் வேகவைத்த மீனை முள் எடுத்துக் கொடுங்க. கருவாடு வேண்டாம். மாட்டுப்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும், தண்ணீரே போதும்.

● கவனம்: எலி மருந்து வைக்காதீங்க. நாம் போடும் பாரசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

மிச்சம் பிடிக்கக் கூடாத செலவு

வெறிநோய் (ரேபீஸ்) நாயால் மட்டுமல்ல, பூனையாலும் வரும். வந்துவிட்டால் உயிர் பிழைப்பது மிக அரிது. எனவே மூன்று மாதக் குட்டிக்குத் தடுப்பூசி போட்டு, ஒரு வருஷம் கழித்து மறுபடியும் போடணும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போகலாம்.

பூனை கடித்தாலோ, பிராண்டினாலோ மஞ்சள், சுண்ணாம்பு வைக்காதீங்க. சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்க. அன்றைக்கே ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைக்குப் போங்க. நமக்கு ஊசி இலவசம். திட்டு விழும் என்று பிள்ளைகள் காயத்தை மறைப்பார்கள். அன்பாக விசாரியுங்க!

இதை அடுத்த குழுக் கூட்டத்தில் வாசித்துச் சொல்லுவோம்.