ஆயில் முள் சொல்வது பொய்யா?

பழைய செவ்ரோலே காரில் ஆயில் அழுத்த முள் பூஜ்ஜியத்தில் கிடந்தால் முதலில் எஞ்சினை நிறுத்துங்கள். அழுத்தம் உண்மையிலேயே இல்லையென்றால் பேரிங்குகள் தாங்காது. ஆனால் பல நேரம் குற்றவாளி எஞ்சின் பிளாக்கில் திருகியிருக்கும், அழுத்தத்தை மீட்டருக்குச் சொல்லும் சென்டர்தான் (sender).

அதற்குள் ஒரு மெல்லிய தகடு. ஆயில் அதைத் தள்ளத் தள்ள மின்தடை மாறும். 1960களின் செவ்ரோலேயில் அழுத்தமில்லாதபோது ஏறக்குறைய 0 ஓம், 60 பி.எஸ்.ஐ.யில் 90 ஓம். அதே காலத்து ஃபோர்டு மஸ்டாங்கிலோ தலைகீழ்: அழுத்தம் ஏறினால் 73 ஓம் 10 ஓமாகக் குறையும். ஒன்றை மற்றதில் மாட்டினால் வேலைக்காகாது.

செவ்ரோலேயில் இக்னிஷனை மட்டும் போட்டு, சென்டர் ஒயரைக் கழற்றுங்கள். முள் உச்சிக்கு ஓட வேண்டும். ஒயரை பிளாக்கில் தொட்டால் பூஜ்ஜியத்துக்கு இறங்க வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டரும் ஒயரும் நலம். சென்டரின் மரையில் டெஃப்லான் டேப்பை அள்ளிச் சுற்றியிருந்தால் எர்த் கெட்டு, முள் மேலேயே நிற்கும். இந்தப் பொய்தான் ஆபத்தானது.

புது சென்டர் வாங்குமுன், பழையதைக் கழற்றிய துளையில் மெக்கானிக்கல் கேஜ் ஒன்றை மாட்டி, எஞ்சினை ஓட்டி, உண்மையான அழுத்தத்தைப் பார்த்துவிடுங்கள்.