மலைச்சரிவும் முகமூடியும்

கிரேக்க நாடகங்களை நம்மில் பெரும்பாலோர் புத்தகத்தின் வாயிலாகவே அறிகிறோம். அவ்வாறு படிக்கையில், கொலையும் சாபமும் நிறைந்த கதைகளில் மரணம் பெரும்பாலும் கண்மறைவிலேயே நிகழ்வதும், அரண்மனைக்குள் நடந்ததை ஒரு தூதுவன் வந்து விஸ்தாரமாகச் சொல்வதும், கதை உச்சத்தை நெருங்கும் வேளையில் ஒரு கோஷ்டி ஆடிப்பாடத் தொடங்குவதும் சற்று விசித்திரமாகத் தோன்றக்கூடும். இவற்றிற்கான காரணத்தைக் கவிகளின் மனோபாவத்தில் தேடுவதற்குமுன், அவர்கள் எந்த இடத்திற்காக எழுதினார்களோ அந்த இடத்தைப் பார்ப்பது நல்லது.

ஏதென்ஸ் நகரில், அக்ரோபொலிஸ் குன்றின் தென்சரிவில், மதுவின் தெய்வமான டயோனைசஸின் சந்நிதியை அடுத்து, ஜனங்கள் சாய்வில் படிப்படியாக அமர்ந்து கீழே உள்ள ஆடுகளத்தைக் காணும்படி அமைந்தது அவ்வரங்கு. சோக நாடகக் கவிகள் மூவரான ஈஸ்கிலஸும் சோபாக்ளிஸும் யூரிப்பிடீஸும் வாழ்ந்த கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஆசனங்கள் பெரும்பாலும் மரப்பலகைகளே. கல்லால் விரிவாகக் கட்டியது அடுத்த நூற்றாண்டில், லைகர்கஸ் நகரத்தின் பொக்கிஷத்தை நிர்வகித்த காலத்தில். வசந்த காலத்து உத்ஸவத்தில் மூன்று கவிகள் போட்டியிடுவர். ஒவ்வொருவரும் மூன்று சோக நாடகங்களும், வனகணங்கள் கும்மாளமிடும் கேலி நாடகம் ஒன்றும் அளிப்பது வழக்கம். திரையில்லை, விளக்கில்லை, சூரிய வெளிச்சம் ஒன்றே.

கடைசி வரிசையில் இருப்பவனுக்கு நடிகனின் புருவ நெறிப்போ உதட்டின் துடிப்போ எவ்வாறு தெரியும்? ஆகவே முகபாவம் பயனற்றுப்போய், துணியாலும் மரத்தாலும் செய்த முகமூடியும், குரலின் வலிமையும், கைகளின் வீச்சுமே நடிப்பின் சாதனங்களாயின. முகமூடி இருந்தபடியால் ஒரே ஆடவன் ராணியாகவும் காவலனாகவும் மாறி மாறி வர முடிந்தது. இரண்டாவது நடிகனை ஈஸ்கிலஸும் மூன்றாவது நடிகனைச் சோபாக்ளிஸும் கொண்டுவந்ததாக அரிஸ்டாட்டில் சொல்கிறார். அந்த மூவரே எல்லாப் பாத்திரங்களையும் ஏற்க வேண்டியிருந்த நிலையில், ஒருவனை மேடையிலேயே பிணமாகக் கிடத்திவிட்டால் மிச்ச நாடகத்தை நடத்துவது எப்படி? உள்ளே செத்தவனைச் சக்கரம் வைத்த பலகையில் வெளியே தள்ளிக் காட்டுவதும், தேவதைகளைப் பாரந்தூக்கியால் வானத்தில் நிறுத்துவதும் அவர்கள் கண்ட உபாயங்கள். இந்த இரண்டாவது யந்திரத்தை யூரிப்பிடீஸ் அளவுக்கு மீறியே நம்பினார் என்பது என் அபிப்பிராயம்.

ஆடிப்பாடும் கோஷ்டிக்குப் பயிற்சியும் உடையும் கொடுக்கும் செலவைத் தனவந்தனான ஒரு பிரஜை ஏற்க வேண்டும் என்பது விதி. அது வரியைப் போன்ற கடமையாகவும் கௌரவமாகவும் இருந்தது. கி.மு. 472இல் ஈஸ்கிலஸின் 'பாரசீகர்' நாடகத்திற்கு அவ்வாறு செலவு செய்தவர் பிற்காலத்தில் ஏதென்ஸின் தலைவராக விளங்கிய பெரிக்ளீஸ். பாட்டுப் போட்டியில் கோஷ்டியை வெற்றிபெறச் செய்தவனுக்குக் கிடைத்த பரிசு வெண்கல முக்காலி. ஏறக்குறைய கி.மு. 334இல் சிறுவர் கோஷ்டி ஒன்றின் பாட்டுக்காக அதைப் பெற்ற லைசிக்ரட்டீஸ் என்பவன், முக்காலியைத் தாங்குவதற்கென்றே இலைவேலைப்பாடமைந்த கொரிந்தியத் தூண்களுடன் வட்ட வடிவமான ஓர் அழகிய மண்டபம் எழுப்பினான். முக்காலி போய்விட்டது, மண்டபம் இன்றும் ஏதென்ஸின் தெருவில் நிற்கிறது.

அந்த ரஸிகர்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர். பாரசீகரிடம் வீழ்ந்த மிலேட்டஸ் நகரின் துயரத்தைப் பிரினிக்கஸ் என்ற கவி நாடகமாக்கியபோது, அரங்கமே அழுது தீர்த்தபின், சொந்த உறவினரின் துன்பத்தை நினைவூட்டிய குற்றத்திற்காக அவருக்கு 1,000 திராக்மா அபராதம் விதித்து, அந்நாடகத்தை இனி எவரும் நடிக்கலாகாதென்று தடுத்ததாக ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். இதைவிடப் பெரிய பாராட்டு எந்த நாடகாசிரியருக்குக் கிடைத்திருக்கும்?

கல்லில் இந்த அரங்கக் கலை பூரணமடைந்ததைக் காண எபிடோரஸுக்குச் செல்ல வேண்டும். வைத்தியத் தெய்வமான அஸ்க்லீபியஸின் க்ஷேத்திரம் அது. நோய் தீர வேண்டி வந்தவர்களுக்கு நாடகமும் உண்டு. கி.மு. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி, பின்னர் மேல்பகுதியும் சேர்க்கப்பட்ட அவ்வரங்கில் 55 வரிசைகள். ஏறத்தாழ 14,000 பேர் அமரலாம். ஆடுகளத்தில் பேசுவது உச்சிவரை கேட்பதன் ரகசியத்தை ஆராய்ந்தோர், வரிசை வரிசையான சுண்ணாம்புக்கல் படிகள் ஜனசந்தடியின் தாழ்ந்த ஒலிகளை அடக்கி, மனிதக் குரலின் உயர்ந்த ஒலிகளைத் திருப்பி அனுப்புகின்றன என்று 2007இல் தெரிவித்தனர். 1955 முதல் கோடைதோறும் அங்கே நாடக விழா நடந்துவருகிறது. பழைய மூவரின் படைப்புகளே அதில் பிரதானம்.