நல்லூரிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம்?

பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலத்தை ஒட்டிய நல்லூரிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்புகிறவர், பெரும்பாலும் வேப்பூர் வந்து நெடுஞ்சாலையைப் பிடித்துத் திருச்சிக்குத்தான் போவார். சென்னை விமான நிலையம் ஏறக்குறைய இரு மடங்கு தூரம். ஆனால், மேலே ஏறிவிட்டால் கணக்கு மாறிவிடுகிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,920 கி.மீ.; தெற்கே இருக்கும் திருச்சியிலிருந்து சுமார் 2,980. சென்னை சற்றுக் கிழக்கே தள்ளி இருப்பதுதான் காரணம்.

இந்தத் தூரத்தை யார் அளந்தது? கோணம்தான். பூமியின் மையத்திலிருந்து திருச்சிக்கு ஒரு கோடு, சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கு ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவே சுமார் 26.8 பாகை. பாகைக்கு 60 கடல் மைல் வீதம் 1,608. ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.; பெருக்கிப் பாருங்கள், வந்துவிடும்.

மணிக்கு 850 கி.மீ. என்று வகுத்தால் மூன்றரை மணி நேரம். டிக்கெட்டிலோ நாலு மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கும். விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து, அங்கே போய் நிற்கும்வரை கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்வது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் அதில் அடக்கம்.

வீட்டில் இருப்பவர்களைக் குழப்புவது வேறு. காலை 10 மணிக்குத் திருச்சியில் ஏறி நாலேகால் மணி நேரம் பறந்தால், சிங்கப்பூர்க் கடிகாரத்தில் மாலை 4.45. அதே 10 மணிக்கு அங்கே ஏறினால் திருச்சியில் பகல் 11.45தான். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. 1982 தொடங்கும்வரை இந்த வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான்.

காற்றும் தன் பங்குக்கு விளையாடும். டெல்லி வானில் குளிர்காலத்தில் மேலைக்காற்று வலுத்து, மேற்கே போகும் விமானங்களைத் தாமதப்படுத்தும். நம் தென்னிந்திய வானில் ஜூன் முதல் செப்டம்பர் வரை நிலைமை தலைகீழ். உயரத்தில் கிழக்கிலிருந்து வேகக்காற்று வீசும். 1950களில் இதை உலகுக்கு விளக்கியவர் இந்திய வானிலையாளர் பி. கோட்டேஸ்வரம். அதன் மையம் 14, 15 கி.மீ. உயரத்தில், விமானங்கள் அதற்குக் கீழே, 10 முதல் 12 கி.மீ. உயரத்தில் பறக்கும். அங்கேயும் அதன் தள்ளல் உண்டு. அந்த மாதங்களில் போகும்போது எதிர்க்காற்று, ஊர் திரும்பும்போது துணைக்காற்று. சில நிமிட வித்தியாசம்தான்.

1985 பிப்ரவரியில் தீப்பிடிக்கும்வரை ஓடிய 'எம்.வி. சிதம்பரம்' கப்பலில் இதே பயணம் நாள் கணக்கில் ஆனது.

இன்று சாலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல், விமான நிலையத்தில் மூன்று மணி நேரம். பறப்பதைவிடத் தரையில் போகும் நேரமே அதிகம். வழியனுப்ப வேன் பேசுகிறவர்கள் முதலில் இதைக் கணக்கில் வையுங்கள்.