பயிற்றுவிப்போரின் பொறுப்பு: சர்வதேசச் செய்தியாளர் பயிற்சி நிறுவனம் ஒன்றின் தலைமையைக் குறித்து

ஒரு நிறுவனத்தைக் குறித்து அறிய விரும்புவோர் அதன் தலைவர் யார் என்றே முதலில் வினவுவது வழக்கம். ஒரு பெயரை விடையாகப் பெற்றவுடன் மனநிறைவும் அடைந்துவிடுகின்றனர். ஆனால் தலைமை என்பது ஒரு பெயரில் அடங்கிவிடுவதன்று. முடிவெடுப்பவர் யார், அம்முடிவுக்குக் கணக்கு ஒப்புவிப்பவர் யார், அதன் விளைவைச் சுமப்பவர் யார் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காணும்பொழுதே ஒரு நிறுவனத்தின் தலைமையை நாம் அறிந்தவர்களாவோம். இம்மூன்றையும் தெளிவாகக் காட்டக்கூடிய எடுத்துக்காட்டாக, செய்தியாளருக்குப் பயிற்சியளிக்கும் அறநிறுவனம் ஒன்றை இங்கு எடுத்துக்கொள்வோம். பிறருக்குக் கற்பித்து அவர்களைப் பணிக்களத்துக்கு அனுப்புகின்ற நமக்கு இவ்வினாக்கள் அந்நியமானவை அல்ல.

1. தோற்றம்

நாம் கருதும் நிறுவனம் 'இன்ஸ்டிடியூட் ஃபார் வார் அண்ட் பீஸ் ரிப்போர்ட்டிங்' என்பதாகும். போரையும் சமாதானத்தையும் பற்றிச் செய்தி எழுதுவோருக்கான நிறுவனம் என இதன் பெயரை விளக்கலாம். 1991ஆம் ஆண்டு யுகோஸ்லாவியா நாடு சிதறத் தொடங்கியபொழுது, 'யூகோஃபேக்ஸ்' என்னும் பெயருடன் இலண்டனில் ஒரு செய்தி மடலாக இது தோன்றியது. பின்னர் அம்மடல் 'பால்கன் வார் ரிப்போர்ட்' என்றும், 'வார் ரிப்போர்ட்' என்றும் பெயர் மாறியது. அமெரிக்கச் செய்தியாளரான அந்தோனி போர்டன் இதன் நிறுவனராவார்.

அந்நாட்களில் யுகோஸ்லாவியக் குடியரசுகளின் வானொலியும் தொலைக்காட்சியும் பெரும்பாலும் ஆட்சியாளரின் கையில் இருந்தன. ஒவ்வொரு தரப்பும் தன் மக்களின் துன்பத்தை மட்டுமே எடுத்துரைத்தது. எதிர்த்தரப்பில் சிந்தப்பட்ட இரத்தம் செய்தியாகவே கருதப்படவில்லை. ஆகவே பல தரப்புகளையும் சேர்ந்தவர்கள் ஒரே இதழில் எழுதுவதற்கு இடமளிப்பது இம்மடலின் நோக்கமாயிற்று. போர்க்குற்றங்களை விசாரிப்பதற்காக 1993ஆம் ஆண்டு தி ஹேக் நகரில் சர்வதேசத் தீர்ப்பாயம் அமைக்கப்பட்ட பின்னர், அதன் விசாரணைகளை இடைவிடாது அறிவிக்கும் பணியையும் இந்நிறுவனம் மேற்கொண்டது.

செய்தி மடல் பயிற்சி நிறுவனமாக வளர்ந்தது எவ்வாறு? உள்ளூர் எழுத்தாளர்கள் நிகழ்ச்சிகளை நேரில் அறிந்திருந்தனர். ஆயினும் சான்றுகளைச் சேகரித்தல், கேள்விப்பட்டதையும் கண்டதையும் வேறுபடுத்தல், குற்றஞ்சாட்டப்பட்டவரின் மறுமொழியைக் கேட்டல் ஆகிய ஒழுங்குகளில் பயிற்சி பெறும் வாய்ப்பு அவர்களுள் பலருக்குக் கிட்டியிருக்கவில்லை. எனவே கட்டுரைகளைத் திருத்தும் பணியே படிப்படியாகக் கற்பிக்கும் பணியாயிற்று. பால்கன் நாடுகளை அடுத்துக் காக்கசஸ், நடு ஆசியா, ஆப்கானிஸ்தான், ஈராக் ஆகிய பகுதிகளுக்கும் இப்பணி பரவியது.

2. தலைமையின் மூன்று அடுக்குகள்

இந்நிறுவனத்தின் தலைமையை மூன்று அடுக்குகளாகப் பிரித்துக் காணலாம்.

முதலாவது, அறங்காவலர் குழு. இங்கிலாந்தின் அறநிறுவனச் சட்டப்படி, நிறுவனத்தின் சொத்துக்கும் நோக்கத்துக்கும் இறுதிப் பொறுப்பு ஏற்பவர்கள் இவர்களே. பொதுவாக இவர்கள் ஊதியம் பெறுவதில்லை. ஆண்டறிக்கையும் வரவுசெலவுக் கணக்கும் அறநிறுவன ஆணையத்திடம் அளிக்கப்பட வேண்டும். பொதுமக்களும் அவற்றைப் பார்வையிடலாம். இந்நிறுவனம் பிரிட்டன், அமெரிக்கா, நெதர்லாந்து ஆகிய மூன்று நாடுகளிலும் அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கேற்பப் பதிவு செய்யப்பட்டது.

இரண்டாவது, செயல் இயக்குநரும் அவருடன் நிதி, திட்டம், பதிப்பு ஆகிய துறைகளைக் கவனிப்போரும் ஆவர். அறங்காவலர்கள் வகுக்கும் கொள்கையை அன்றாடப் பணியாக மாற்றுவது இவர்கள் கடமை.

மூன்றாவது, அந்தந்த நாட்டிலேயே தங்கிப் பணிபுரியும் நாட்டுப் பொறுப்பாளர்களும் ஆசிரியர்களும் ஆவர். நிறுவன வரைபடத்தில் இவர்கள் கீழ்ப்படியில் இருப்பதாகத் தோன்றலாம். ஆனால் எந்தச் செய்தியை இன்று வெளியிடலாம், எந்தப் பெயரை மறைக்க வேண்டும், எந்தச் சாலையில் இன்று செல்லலாகாது என்பவற்றை அறிந்தவர்கள் இவர்களே. தலைமையிடம் இவர்களுடைய சொல்லுக்குச் செவிகொடுக்கத் தவறினால், மேலே எடுக்கப்படும் முடிவு கீழே ஓர் உயிரைப் பறிக்கக்கூடும்.

3. பயிற்சியின் முறை

வகுப்பறை விரிவுரை இப்பயிற்சியின் ஒரு பகுதி மட்டுமே. பயிற்சி பெறுபவர் ஒரு செய்தியைத் தம் தாய்மொழியில் எழுதுகிறார். உள்ளூர் ஆசிரியர் அதனை வாசித்து, "இதை உமக்குக் கூறியவர் யார்? அவர் அதனை நேரில் கண்டாரா? மற்றத் தரப்பினரை அணுகினீரா?" என்னும் வினாக்களுடன் திருப்பி அனுப்புகிறார். செய்தி மீண்டும் எழுதப்படுகிறது. பின்னர் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு, மற்றோர் ஆசிரியரின் வினாக்களைச் சந்திக்கிறது. இவ்வாறு பலமுறை சென்று திரும்பிய பின்னரே அது வெளியாகிறது. இம்முறையில் கற்பிப்பவரும் அச்செய்திக்கு உடன்பொறுப்பாளர் ஆகிவிடுகிறார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். பாடம் சொல்லிக்கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று அவர் கூற இயலாது.

4. ஆபத்தைச் சுமப்பவர் யார்?

பயிற்சியாளர் வெளிநாட்டிலிருந்து வருகிறார். பயிற்சி முடிந்தவுடன் விமானம் ஏறித் தம் நாடு திரும்புகிறார். பயிற்சி பெற்றவரோ அதே ஊரில், அதே தெருவில் வாழ்கிறார். அவர் எழுதிய செய்தியை வாசித்து வெகுண்டவரும் அவ்வூரிலேயே இருக்கிறார். இந்நிறுவனத்தின் வரலாறு இவ்வுண்மையைத் துயரத்துடன் எடுத்துக்காட்டுகிறது.

ஈராக்கின் மோசுல் நகரில் பணியாற்றிய சஹர் அல்-ஹைதரி என்னும் பெண் செய்தியாளர் 2007ஆம் ஆண்டு ஜூன் மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்நிறுவனத்துக்காக எழுதிவந்தவர் அவர். ஆபத்தில் சிக்கும் உள்ளூர்ச் செய்தியாளருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் உதவும்பொருட்டு அவருடைய பெயரால் ஒரு நிதி பின்னர் நிறுவப்பட்டது.

ஆப்கானிஸ்தானில் பர்வேஸ் கம்பக்ஷ் என்னும் இதழியல் மாணவர், பெண்களின் உரிமையைக் குறித்த கட்டுரை ஒன்றைப் பரப்பினார் என்னும் குற்றச்சாட்டின் பேரில் 2008 ஜனவரியில் மரண தண்டனை விதிக்கப்பட்டார். அவருடைய சகோதரர் யாகூப் இப்ராஹிமி இந்நிறுவனத்தின் செய்தியாளராக, படைத்தலைவர்களின் கொடுமைகளை வெளிப்படுத்தி எழுதிவந்தவர். சகோதரரை மௌனமாக்கவே இவ்வழக்கு தொடரப்பட்டது என நிறுவனம் கருதியது. அதே ஆண்டு அக்டோபரில் மேல்முறையீட்டில் தண்டனை 20 ஆண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டது. 2009இல் அவர் பொதுமன்னிப்புப் பெற்று நாட்டைவிட்டு வெளியேறினார். இங்கு எழுதியவர் ஒருவர், துன்புற்றவர் மற்றொருவர்.

தலைமைப் பொறுப்பில் இருந்தோரும் இத்துன்பத்துக்கு விலக்கானவர் அல்லர். ஈராக் பிரிவின் தலைவராயிருந்த அம்மார் அல்-ஷாபந்தர் 2015 மே 2ஆம் நாள் பாக்தாதின் கராதா பகுதியில் நிகழ்ந்த கார்க்குண்டு வெடிப்பில் உயிரிழந்தார். அவரை அடுத்து அப்பொறுப்பைத் தற்காலிகமாக ஏற்ற ஜாக்கி சட்டன் அம்மையார், இலண்டனில் அம்மாரின் நினைவுக் கூட்டத்தில் கலந்துகொண்டு ஈராக் திரும்பும் வழியில், அதே ஆண்டு அக்டோபரில் இஸ்தான்புல் விமான நிலையத்தில் மரித்தார். ஆறு மாதங்களுக்குள் ஒரே பொறுப்பில் இருந்த இருவரை நிறுவனம் இழந்தது.

5. பணமும் சுதந்திரமும்

இத்தகைய பணிக்குப் பணம் தேவை. அதன் பெரும்பகுதி மேலை நாட்டு அரசுகளிடமிருந்தும் அறக்கட்டளைகளிடமிருந்தும் வருகிறது. அரசின் பணத்தைப் பெற்று அரசுகளைக் கேள்வி கேட்கக் கற்பிப்பது எங்ஙனம் என்று சிலர் வினவுவர். அவ்வினா நியாயமானதே. பணம் அளிப்பவர் செய்தியின் உள்ளடக்கத்தில் தலையிடாவண்ணம் வரம்பு கட்டுவது அறங்காவலரின் முதன்மையான கடமைகளுள் ஒன்றாகும். மற்றோர் ஆபத்தும் உண்டு. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு தன் அயல்நாட்டு உதவியை நிறுத்திவைத்தபொழுது, உலகெங்கும் செய்தியாளர் பயிற்சியில் ஈடுபட்டிருந்த பல நிறுவனங்கள் கடும் நெருக்கடிக்கு உள்ளாயின. ஒரே ஊற்றை நம்பியிருப்போர் அவ்வூற்று வற்றும் நாளை எதிர்நோக்கித் திட்டமிட வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தியது.

6. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றிலிருந்து நாம் அறிவன யாவை? முடிவெடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் தலைமையிடத்தில் இருக்கிறது. கணக்கு ஒப்புவிக்கும் கடமை அறங்காவலரைச் சார்கிறது. விளைவின் சுமையோ களத்தில் நிற்பவர்மேல் விழுகிறது. இம்மூன்றும் ஒன்றைவிட்டொன்று விலகிப்போகாமல் காப்பதே நல்ல தலைமையின் அடையாளம். ஒரு செய்தி வெளியாகாமற் போவதால் நேரும் நட்டத்தையும், அது வெளியாவதால் ஓர் இல்லத்துக்கு நேரக்கூடிய நட்டத்தையும் ஒருங்கே நிறுத்துப் பார்க்கத் தெரிந்தவரே பயிற்றுவிக்கும் தகுதியுடையவர்.

உண்மையைப் பேசுக என்று மாணவருக்குக் கற்பிப்பது எளிது. அவ்வாறு அவர்கள் பேசிய பின்னர் அவர்களுக்கு நேரிடுவதில் நமக்குள்ள பங்கை ஏற்றுக்கொள்வது அத்துணை எளிதன்று. நம்மிடம் பயின்று இவ்வாண்டு தொலைவிலுள்ள சிற்றூர்களுக்குச் செல்லவிருப்போரை வழியனுப்பும்பொழுது, அவர்களைக் குறித்து அடுத்த ஆண்டு யார் விசாரிப்பார் என்னும் வினாவையும் நம்முள் எழுப்பிக்கொள்வோமாக.